தருமபுரியில் இரண்டு ஆண்களின் காதல் படம் போட்டால் கூட்டம் எப்படி எடுத்துக்கொள்ளும்?

கேள்வி: தருமபுரியில் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிட்டுப் பேசுகிறோம். அறுபது எழுபது பேர் வருவார்கள். பாதிப்பேர் கல்லூரிப் பையன்கள். மற்றவர்கள் ஆசிரியர்கள், சில குடும்பங்கள். அடுத்து, இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதை ஒன்றைப் போடலாம் என்று யோசனை. கூட்டம் சிரித்தே கெடுத்துவிடுமா? வம்பு வருமா? எந்தப் படம், எப்படிப் போடுவது?

பதில்:

சிரிப்பார்கள். அது நிச்சயம் என்று வைத்துக்கொண்டே ஏற்பாட்டைத் தொடங்குங்கள். யார், எந்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடைசி வரிசைப் பையன் திரையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பக்கத்து நண்பனின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். ‘எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மச்சி’ என்று அவனுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதே பையன் அதே படத்தை ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு மொபைலில் பார்த்தால் சத்தமே வராது. அதனால் தருமபுரிக்காரர்கள் இதை ஏற்பார்களா மாட்டார்களா என்று ஊரையே எடை போட்டுப் பயனில்லை. அவன் பக்கத்தில் யார் உட்கார்கிறார், வசனம் அவன் காதில் விழுகிறதா, படத்துக்கு முன்னால் அவனிடம் என்ன சொல்லப்பட்டது என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. எதிர்வினையில் பெரும்பகுதியை அவைதான் தீர்மானிக்கின்றன.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நகரத்து விமர்சகர்கள் இந்த வகைப் படங்களில் ‘நுட்பமான குறிப்பு’ என்று பாராட்டுகிற இடங்கள் நம் பக்கத்தில் கண்ணிலேயே படாது. தோளில் கை போட்டு நடப்பது, ஒரே பாயில் மொட்டை மாடியில் படுப்பது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வது, ஒருவன் எச்சில் டீயை இன்னொருவன் குடிப்பது எல்லாம் பாலக்கோட்டிலும் அரூரிலும் சாதாரண நட்பு. இயக்குநர் நாற்பது நிமிடம் பொறுமையாகக் காதலைக் கட்டிக்கொண்டிருப்பார்; கூட்டம் அதை நண்பர்கள் கதை என்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு திடீரென்று ஒரு முத்தம் வரும்போது ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் வருகிறது. அந்த இடத்தில் எழும் கூச்சலில் வெறுப்பைவிட அதிர்ச்சிதான் அதிகம். ஆகவே கதை என்ன என்பதை ஒளிக்காதீர்கள். ‘இது இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதல் கதை’ என்று அழைப்பிலும் ஒரு வரி, படத்துக்கு முன்பும் ஒரு வரி. பூடகமாக ‘வித்தியாசமான படம்’, ‘சமூகம் பேசத் தயங்கும் கரு’ என்றெல்லாம் போட்டால் வேறு எதையோ எதிர்பார்த்து ஒரு கும்பல் வரும். அந்தக் கும்பலைச் சமாளிப்பது கஷ்டம்.

தமிழ் சினிமா நம் ஆட்களுக்கு இதில் இரண்டு பழக்கங்களைத்தான் கொடுத்திருக்கிறது. ஒன்று, நளினமாக நடந்தால் காமெடி. மற்றொன்று, 2006இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’ மாதிரி, இரண்டு வில்லன்களுக்கு இடையே ஏதோ இருக்கிறது என்று கோடு காட்டி அருவருப்பை ஏற்றுவது. 2010இல் ‘கோவா’ படத்தில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஒரு ஜோடியாக வந்தார்கள். சிரிப்புக்கு நடுவே என்றாலும், அவர்களுக்கென்று கோபம், பொறாமை, சமாதானம் எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்களின் காதலையே நடுவில் வைத்து, பெரிய நடிகரோடு தியேட்டருக்கு வந்த தமிழ்ப் படம் என்று விரல் மடக்க வழியில்லை. எனவே முதல் இருபது நிமிடம் கூட்டம் காமெடி எப்போது வரும் என்று காத்திருக்கும். அது பழக்க தோஷம். பகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே கூத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு, ஆண் ஒருவர் திரௌபதி வேஷம் கட்டி அழுவதில் எந்தச் சங்கடமும் கிடையாது. கண்ணன் மோகினியாகி அரவானைக் கட்டிக்கொண்ட கதையும் தெரியும். ஆக, ஆண் உடம்பு காதலில் நிற்பது இவர்களுக்குப் புதிதல்ல. இருவரில் ஒருவர் பெண்ணாக வேஷம் போட்டிருந்தால் கண் ஏற்றுக்கொள்கிறது. மீசை வைத்த இருவர், வேட்டியும் சட்டையுமாக, எந்த வேஷமும் இல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றால்தான் தடுமாற்றம். ‘இதுல பொண்ணு யாரு?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். கேட்டவரை முறைக்காதீர்கள். ‘ரெண்டு பேருமே ஆம்பளைங்கதான், யாரும் யாருக்கும் பொண்ணு இல்ல’ என்று சாதாரணமாகச் சொன்னால் போதும்.

இனி எந்தப் படம் என்பதற்கு வருகிறேன். முதல் முறைக்கு என் தேர்வு ‘காதல் – தி கோர்’. ஜியோ பேபி இயக்கத்தில் 2023 நவம்பர் 23 அன்று வந்த மலையாளப் படம், மம்மூட்டி, ஜோதிகா. உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் நடுத்தர வயது மனிதர் மேத்யூ. அதே நேரத்தில் அவர் மனைவி ஓமனா, இவர் தன்பாலீர்ப்புள்ளவர் என்று சொல்லி விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போகிறார். மேத்யூவின் காதலர் தங்கன், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருவருக்கும் நடுவே படுக்கையறைக் காட்சி கிடையாது, முத்தம் கிடையாது, சேர்ந்து பேசுகிற வசனம்கூட மிகக் குறைவு. படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேரள அரசின் 2023ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் விருதும் இதற்குத்தான். ஜோதிகா நம் வீட்டு முகம், மம்மூட்டி ‘தளபதி’ தேவா. அந்த மரியாதையிலேயே பாதிச் சிரிப்பு அடங்கிவிடும். காதல் என்ற பகுதி போதாது, பயந்து எடுத்த படம் என்று இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. உங்கள் கூட்டத்துக்கு அதுவே வசதி.

இந்தப் படத்தில் எங்கே என்ன நடக்கும் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். தங்கன் முதலில் வரும் இடங்களில் கூட்டம் கண்டுகொள்ளாது. விவாகரத்துக் காரணம் வெளியே வரும்போது முணுமுணுப்பு, பின்னால் ஒரு கமென்ட். தேர்தல் காட்சிகளில் உற்சாகமாகிவிடுவார்கள்; வார்டு அரசியல் யாருக்குத்தான் பிடிக்காது. நீதிமன்றக் காட்சிகளில் அமைதி. அப்பாவும் மகனும் உடைந்து அழும் இடம் வந்தால், அதுவரை கமென்ட் அடித்துக்கொண்டிருந்தவன் மொபைலைக் கையில் எடுப்பான். யாருக்கும் போன் பண்ண அல்ல, முகத்தைக் குனிந்துகொள்ள. பெண்கள் பகுதியில் நடப்பது வேறு. அவர்கள் ஆரம்பத்திலிருந்தே ஓமனாவோடு இருப்பார்கள். ‘இத்தன வருஷம் அந்தப் பொம்பளையோட வாழ்க்கைக்கு யார் பதில் சொல்றது?’ என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது. இந்தக் கேள்வியைத் திரையிடுபவர்கள் பெரும்பாலும் தட்டிக்கழிக்கிறார்கள், ஏதோ காதலுக்கு எதிரான பேச்சு என்று நினைத்து. அப்படிச் செய்யாதீர்கள். கட்டாயக் கல்யாணம் இரண்டு பேரையும் சேர்த்துக் கெடுக்கிறது என்பதுதான் கதையே. அந்த அக்கா கேட்பது படத்தின் நடுப்புள்ளியை.

‘சபர் போண்டா’ இன்னொரு நல்ல படம். ரோஹன் கனவடே இயக்கிய மராத்திப் படம், 2025 சன்டான்ஸ் விழாவில் உலகப் பிரிவில் நடுவர் குழுவின் முதன்மை விருது வாங்கியது. மும்பையில் வேலை பார்ப்பவன் அப்பா இறந்து பத்து நாள் காரியத்துக்காகச் சொந்த ஊர் வருகிறான். அங்கே விவசாயம் பார்க்கும் பழைய சிநேகிதன். சொந்தக்காரர்கள் இழவு வீட்டிலேயே ‘உனக்கு எப்போ கல்யாணம்’ என்று நச்சரிப்பது அப்படியே நம் ஊர். பெயரில் இருப்பது சப்பாத்திக்கள்ளிப் பழம்; பென்னாகரம் பக்கத்து ஆட்களுக்கு முள் நீக்கும் வித்தையைச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் படம் மெதுவானது, காட்சிகள் அசையாமல் நிற்கும், நெருக்கமான இடங்களும் உண்டு. பழகிய இருபது முப்பது பேருக்கு, மூன்றாவது நான்காவது முறையாகப் போடுவதற்கு ஏற்றது. ‘மூத்தோன்’ (2019) நிவின் பாலிக்காகப் பார்ப்பார்கள், லட்சத்தீவுப் பகுதியில் ரோஷன் மேத்யூவுடனான காதல் அழகு. மற்றபடி வன்முறை அதிகம், குடும்பங்களுக்கு வேண்டாம். இந்தி ‘சுப் மங்கள் ஜ்யாதா சாவ்தான்’ (2020) காமெடி. ரயிலில் மகன் இன்னொருவனை முத்தமிடுவதைப் பார்த்து அப்பா வாந்தியெடுப்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு பேச உட்கார்ந்தால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. ‘ப்ரோக்பேக் மவுன்டன்’ (2005) பெரிய படம்தான், ஆங் லீக்கு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்தது. முதல் படமாக அதைப் போடாதீர்கள்: ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்’ என்று கதவைச் சாத்திக்கொள்ள நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். போகிற போக்கில் ஒன்று: அந்தப் படம் வந்தபோது அமெரிக்காவிலும் ராத்திரி டிவி நிகழ்ச்சிகளில் அதை வைத்து நக்கல்தான் ஓடியது. சிரிப்பு தருமபுரியின் தனிச்சொத்து இல்லை.

அனுமதி விஷயத்தில்தான் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. ஓடிடி சந்தா உங்கள் வீட்டுக்கு மட்டும். அதை லேப்டாப்பில் போட்டு மண்டபத்தில் காட்டுவது காப்புரிமை மீறல். டிக்கெட் இல்லை, இலவசம் என்பதெல்லாம் காப்பாற்றாது. கல்வி நிறுவனம் தன் மாணவர், ஆசிரியர், பெற்றோர் வட்டத்துக்குள் காட்டினால் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. கல்லூரிப் பையன்கள், ஆசிரியர்கள், குடும்பங்கள் எல்லாம் கலந்த உங்கள் குழுவுக்கு அது பொருந்தாது. தயாரிப்பாளருக்கோ விநியோகஸ்தருக்கோ மின்னஞ்சல் எழுதி ஒரு முறை திரையிட அனுமதிக் கடிதம் வாங்குங்கள். எத்தனை இருக்கை, கட்டணம் உண்டா, எந்தத் தேதி என்று மூன்றையும் எழுதினால்தான் பதில் வரும். ஒரு மாத அவகாசம் வையுங்கள். அப்போதே தணிக்கைச் சான்று பெற்ற பிரதியா என்றும் கேளுங்கள். ஓடிடியில் வருவதற்குத் தணிக்கைக் குழு சான்று தேவையில்லை, ஆனால் பொதுத் திரையிடலுக்குத் தேவை. சில படங்களில் இரண்டு பிரதிகளும் ஒன்றாக இருக்காது. ‘ஏ’ சான்று என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. ‘யுஏ’ என்றால் 2024 விதிகளுக்குப் பிறகு 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். அழைப்பில் அதை அப்படியே போட்டுவிடுங்கள். யாராவது புகார் கிளப்பினால் முதலில் ‘சின்னப் பசங்களுக்குக் காட்டிட்டாங்க’ என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அனுமதிக் கடிதம், சான்றின் நகல், மண்டப ரசீது மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு அன்றைக்கு வாசலில் இருப்பவர் கையில் கொடுங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. 2022இல் தமிழ்நாடு காவல் சார்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்த்தார்கள். தன்பாலீர்ப்பினரையும் திருநரையும், அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் போலீசார் துன்புறுத்தக்கூடாது என்கிறது. அந்த எண்ணை யாரிடமும் எடுத்து வீச வேண்டாம், தெரிந்து வைத்திருங்கள். மண்டபக்காரரிடமும் கதையைச் சொல்லியே முன்பணம் கொடுங்கள். கடைசி நாளில் யாரோ அவருக்கு போன் பண்ணி, அவர் ‘எனக்குத் தெரியாதே’ என்று கையை விரிப்பதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு. இது ஊர் அளவில் மட்டும் நடப்பதும் இல்லை: 2023 டிசம்பரில் கோழிக்கோட்டில் ஒரு கல்லூரி, ஜியோ பேபியையே பேச அழைத்துவிட்டு, அவர் கிளம்பி வந்த பிறகு நிகழ்ச்சியை ரத்து செய்தது.

சத்தமும் எழுத்தும். பலர் இதை அற்பம் என்று நினைப்பார்கள். என் கணக்கில், கூட்டம் கலாட்டா செய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். காதல் காட்சிகளில் நடிகர்கள் முணுமுணுப்பார்கள். தகரக் கூரையோ உயரமான காங்கிரீட் கூரையோ போட்ட மண்டபம், மேலே எட்டு ஃபேன் முழு வேகத்தில், பக்கத்தில் ஜெனரேட்டர். முணுமுணுப்பு யாருக்கும் கேட்காது. கேட்காத இடத்தில் கூட்டமே வசனம் எழுத ஆரம்பிக்கும். எழுதுவது நக்கல் வசனமாகத்தான் இருக்கும். ஆகவே ஒலி அளவைப் பாட்டை வைத்துச் சரிபார்க்காதீர்கள். படத்தில் இருப்பதிலேயே தாழ்ந்த குரலில் பேசும் காட்சியைப் போட்டு, எல்லா ஃபேனையும் ஓடவிட்டு, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி இரண்டும் திரைக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் முன்வரிசைக்கு இரைச்சல், பின்வரிசைக்கு ஒன்றுமில்லை. மண்டபத்தின் நடுவில் பக்கச் சுவரோடு இன்னொரு ஜோடி வைத்து, அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மதியக் காட்சி என்றால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியே ஆக வேண்டும். வெளிச்சம் உள்ளே இருந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். முகம் தெரிந்தால், மேலே சொன்ன பக்கத்து நண்பனுக்காகச் சிரிக்கும் சிரிப்பு இரண்டு மடங்கு. ப்ரொஜெக்டர் 3,000 லூமன்ஸுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் கூட்டத்தில் பாதி விலகிவிடும். தமிழ் டப்பிங்கோ தமிழ் சப்டைட்டிலோ உள்ள பிரதி கிடைக்குமா என்று அனுமதி கேட்கும்போதே விசாரியுங்கள். இல்லையென்றால் நீங்களே செய்து தரட்டுமா என்று கேட்கலாம். ஒப்புதல் இல்லாமல் செய்யாதீர்கள். செய்தால் இரண்டு வரிக்கு மேல் போகாமல், பேச்சு மொழிக்குப் பக்கமாக எழுதுங்கள். ‘நான் தங்களை நேசிக்கின்றேன்’ என்று எழுதினால் உருக்கமான காட்சியில் மண்டபமே சிரிக்கும், அந்தச் சிரிப்பு நியாயமானது. அடுத்து நேரம். நடிகர் தயங்கித் தயங்கி ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது முழு வாக்கியமும் முன்னாலேயே திரையில் வந்துவிட்டால், கூட்டம் முதலில் படித்துச் சிரித்துவிடும்; அவர் வாய் திறக்கும்போது காட்சி செத்திருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் வாக்கியத்தை இரண்டாக வெட்டி, தயக்கத்துக்குப் பிறகு வரும் சொல்லைத் தனியாக விடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் திரையிடுவதாக இருந்தால் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் நிறைய; அங்கே எழுத்தை நம்புவதைவிட டப்பிங்தான் வேலை செய்யும்.

நேரம் ஞாயிறு மதியம் இரண்டு மணி. பேச்செல்லாம் முடிந்து ஐந்தரைக்குள் விட்டுவிட்டால் பென்னாகரம், அரூர், காரிமங்கலம் போகிறவர்களும் பெண்களும் வெளிச்சத்தில் பஸ் ஏறலாம். முகூர்த்த நாளையும் ஆடிப்பெருக்கை ஒட்டிய ஞாயிறையும் தவிருங்கள். நாற்காலியை நீங்களே போடுங்கள்: வருகிறவர் எண்ணிக்கைக்குச் சரியாக, கடைசிச் சுவரை ஒட்டி ஒரு வரிசைகூட இல்லாமல். ஒரே வகுப்புப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து பின்னால் உட்கார இடம் இருந்தால், அந்த எட்டுப் பேர்தான் அன்றைய படத்தை நடத்துவார்கள். ஆசிரியர்களை முன்வரிசையில் மாலை மரியாதையாக உட்காரவைக்கிற பழக்கத்தை விடுங்கள்; நடுவில் ஆங்காங்கே உட்காரட்டும். தாமதமாக வருவோருக்குப் பக்க வாசல்.

முன்னுரை மூன்று நிமிடம் போதும். அறிவுரை வேண்டாம். ‘சிரிக்காதீர்கள்’ என்று சொன்னால் சிரிக்கத் தூண்டுவதாகும். படத்தின் பெயர், மொழி, எத்தனை நிமிடம், இரண்டு ஆண்களின் காதல் கதை, முடிந்ததும் டீ, பிறகு விருப்பமுள்ளவர்கள் பேசலாம். கூடவே ஒரே ஒரு வேண்டுகோள்: திரையையோ கூட்டத்தையோ யாரும் போட்டோ எடுக்க வேண்டாம். இதில் கறாராக இருங்கள். ‘யார் யார் வந்திருந்தாங்க’ என்கிற ஸ்டேட்டஸ், அந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கூட்டத்தில் தன்பாலீர்ப்புள்ளவர் யாராவது இருக்கக்கூடும். அவர் வாழ்க்கையில் நீங்கள் விளையாட முடியாது. அதே காரணத்துக்காக வருகைப் பதிவேட்டில் பெயரும் போன் நம்பரும் வாங்காதீர்கள். மண்டபத்துக்கு எண்ணிக்கை போதும்.

படம் ஓடும்போது குழுவில் ஒருவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, நிமிடக் கணக்கு போட்டுக் குறித்துக்கொள்ளட்டும்: சிரிப்பு, விசில், அமைதி, எழுந்து போனவர். எழுந்து போகிறவர்களை எல்லாம் எதிர்ப்பு என்று எழுதிவிட வேண்டாம். போனைக் காதில் வைத்தபடி போகிறவர் திரும்பி வருவார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர் வரமாட்டார். குடும்பமாக எழுந்தால் பெரும்பாலும் ஒரே ஒருவர் முடிவு அது, மற்றவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். சிரிப்பிலும், முதல் பகுதியில் வந்து மங்குவது ஒன்று, போகப்போக ஏறுவது ஒன்று. இரண்டாவது வகை என்றால் யாரோ ஒருவர் ஊதிவிடுகிறார். குழு ஆள் ஒருவர் சத்தமில்லாமல் போய் அந்தப் பக்கத்து காலி நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். விசில் தொடர்ந்தால் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். மைக்கில் வாதாடினால் விசில் அடித்தவன் அன்றைய ஹீரோ ஆகிவிடுவான். வெளியிலிருந்து யாராவது தடுக்க வந்தால் வாசலில் ஃபைலோடு இருப்பவர் மட்டும் பேசட்டும், உள்ளே மைக்கில் எதுவும் அறிவிக்க வேண்டாம். அண்ணா, ஐயா என்று தாழ்ந்தே பேசினாலும், அவர் சொல்லிப் படத்தை நிறுத்தாதீர்கள்.

முடிந்தவுடனே கலந்துரையாடலைத் தொடங்கினால் சத்தமாகப் பேசத் தெரிந்த நான்கு பேர்தான் பேசுவார்கள். பத்து நிமிடம் டீக்கு விட்டு, அந்த நேரத்தில் துண்டுச்சீட்டு கொடுங்கள். எல்லாம் ஒரே அளவு, பேனா எல்லாம் ஒரே நிறம். பெயர் வேண்டாம், ஒரு கேள்வியோ ஒரு வரியோ. சின்ன ஊரில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே சீட்டுகளைக் குழுவில் ஒருவர் மட்டும் பிரித்து, தானே வாசிக்க வேண்டும், யாருக்கும் காட்டக்கூடாது, முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். வசைச்சொல் இருந்தால் சொல்லை விட்டு அதற்குள் இருக்கும் கேள்வியை மட்டும் வாசிக்கலாம். ‘இங்கே அப்படி யாராவது இருந்தால் பேசலாம்’ என்ற வாக்கியம் மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வரக்கூடாது. நல்லெண்ணத்தில் சொன்னாலும், அந்த நொடியில் எல்லாக் கண்களும் மண்டபத்தைச் சுற்றித் தேட ஆரம்பிக்கும்.

வரக்கூடிய கேள்விகளுக்குப் பதிலைக் கையில் வைத்திருங்கள். இது நோயா? உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிவிடலாம் என்று சிகிச்சை தருவதை தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தது சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவு. குற்றமா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ஒப்புதலோடு கூடிய வயதுவந்தோர் உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. கல்யாணம் செல்லுமா? 2023 அக்டோபர் 17 தீர்ப்பின்படி சட்ட அங்கீகாரம் இல்லை. ஆனால் கல்யாணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. திருநங்கையும் இதுவும் ஒன்றா? இல்லை, தான் ஆணா பெண்ணா என்பது ஒன்று, யார்மேல் மனம் போகிறது என்பது வேறு.

‘ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா சரியாயிடும்ல?’ என்பது கண்டிப்பாக வரும், அதுவும் பெரியவர் ஒருவரிடமிருந்து, அக்கறையோடு. இதற்குப் புள்ளிவிவரம் வேண்டாம். இப்போது பார்த்த ஓமனாவைக் காட்டுங்கள். ‘உங்க பொண்ண அந்த வீட்டுக்குக் கொடுப்பீங்களாய்யா?’ என்று கேட்டால் அவரே யோசிப்பார். இந்த இடத்தில் பெண்களைப் பேசவிடுங்கள், அவர்கள் உங்களைவிட நன்றாகப் பேசுவார்கள்.

தருமபுரிக்கே உரிய இன்னொரு கேள்வி, ‘அந்த ரெண்டு பேரும் என்ன ஆளுங்க?’ வேறு ஊரில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் சாதி மாறிய ஒரு காதல் கல்யாணத்தை ஒட்டிக் குடியிருப்புகளே எரிந்த மாவட்டம் இது. இங்கே திரையில் எந்தக் காதல் வந்தாலும், ஓடிப்போவது, பெற்றவர் அவமானம், ஊர்க் கூட்டம் என்று அந்த நினைவும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு ஆண்கள் என்பதைவிட வீட்டை மீறினார்கள் என்பதே சிலரை உறுத்தும். அன்றைக்கு அதைத் திறந்து விவாதிக்க நேரம் போதாது, வாய்ச்சண்டைதான் மிஞ்சும். படத்தில் சாதி பேசப்படவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டார் நிலைமைக்குப் பேச்சைத் திருப்புங்கள். சாதியைப் பேச வேண்டும் என்று கூட்டம் விரும்பினால் அதற்கென்று தனியாக ஒரு படம், தனியாக ஒரு நாள்.

கடைசித் திரையில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைப் போட்டு, டீ இடைவேளை முழுக்க அப்படியே விடுங்கள். யாரும் எழுந்துபோய்க் குறிக்கத் தேவையிருக்காது. நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் குழு எண்ணுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஏதாவது வரலாம்: வசையாகவும் இருக்கலாம், ‘அந்தப் படத்தப் பத்திப் பேசணும்’ என்றும் இருக்கலாம். வசைக்குப் பதில் போட வேண்டாம். இரண்டாவது வகை என்றால் பெயர், ஊர், எந்தக் கல்லூரி என்று எதையும் கேட்காமல் அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். வீட்டில் சொல்லிவிடு என்று யோசனை சொல்லாதீர்கள். அந்த நம்பரைக் குழுவில் பகிரவே கூடாது.

அடுத்த மாதப் படத்தை இப்போதே முடிவு செய்து, அன்றைக்கே அறிவித்துவிடுங்கள். எல்லாரும் பார்க்கிற வழக்கமான படமாக இருக்கட்டும். முதல் முறை எழுந்துபோன குடும்பம் திரும்ப வருகிறதா என்று அப்போது தெரியும். வந்தால் ஆறேழு மாதம் கழித்து ‘சபர் போண்டா’வுக்குக் கடிதம் எழுத ஆரம்பிக்கலாம்.